செம்பெருமீன்களைச் சூழ்ந்த தூசி



மொழி வளர்க்கும் அவையொன்றில் விண்மீன்களைப் பற்றி, அதிலும் விண்மீன்களைச் சூழ்ந்து கிடக்கும் தூசியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். தமிழாசிரியராகிய என் நண்பர் ஒருவர் இதைக் கேள்வியுற்று, "தூசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று வினவினார். பேசுவதற்கு உண்டு. 1969-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் விழுந்த விண்கல்லினுள் நம் ஞாயிற்றினும் மூத்த நுண்துகள்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பல, என்றோ மறைந்துபோன முதிய விண்மீன்களின் புறத்தே உறைந்து பிறந்தவை. ஞாயிறும் அதைச் சுற்றும் கோள்களும் உருவான வளிம முகிலில் அத்தகைய தூசியும் கலந்திருந்தது. அத்தூசி தான் பிறந்த விண்மீனை விட்டு எவ்வாறு வெளியேறிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள். இவ்வினாவிற்குப் பல ஆண்டுகளாக நான் மாணவர்க்குச் சொல்லிவந்த விடையொன்று உண்டு. அதை இன்று திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு இறுதியில் வருகிறேன்.

நாம் அனைவரும் அறிந்த விண்மீன் ஒன்றிலிருந்து தொடங்கலாம். திருவாதிரை என்று நம் மரபு வழங்கும் பெடல்ஜூஸ், ஓரியன் குழுவில் செந்நிறமாய் ஒளிர்வது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சியிருந்தது. வெறுங்கண்ணாலேயே வேறுபாடு தெரிந்தது. விண்மீன் வெடிக்கப் போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. வெடிக்கவில்லை, ஏப்ரலுக்குள் பழைய ஒளி மீண்டது. சிலி நாட்டின் பரனால் மலைமீதுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியால் எடுத்த படங்கள், விண்மீனின் தென்பகுதி மட்டும் இருண்டிருந்ததைக் காட்டின. விண்மீன் உமிழ்ந்த வளிமம் குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் இடையே திரையிட்டது என்று மொந்தார்ழேயும் அவர்தம் குழுவினரும் 2021-இல் விளக்கினர். மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததும் அம்மங்கலுக்குத் துணைபுரிந்தது என்பது அவர்கள் கருத்து. தூசி பிறப்பதை ஏறத்தாழ நேரிலேயே மனிதர் கண்ட அரிய தருணம் அது.

ஆயினும் இஃது ஒரு விதிவிலக்கு. தூசி விண்மீனுக்கு முன்னே வந்து நின்றதால் அதன் நிழல் நமக்குத் தெரிந்தது. பெரும்பாலான நேரங்களில் தூசி விண்மீனைச் சுற்றிலும் மெல்லிய ஒளிவட்டமாகப் பரந்திருக்கும். அதைக் காண்பது, எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல்களை எண்ணுவது போன்றது. ஈசல்மீதும் வெளிச்சம் படுகிறது. அது கண்ணுக்கும் வருகிறது. ஆனால் விளக்கின் பேரொளி அதை விழுங்கிவிடுகிறது. விளக்கின் ஒளியையும் ஈசலில் பட்டுத் திரும்பிய ஒளியையும் பிரித்தறிய ஏதேனும் அடையாளம் இருந்தால் அன்றோ பயன்? அத்தகைய அடையாளம் ஒன்று உண்டு. அதுவே தளவிளைவு.

ஒளி ஓர் அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. விண்மீனிலிருந்து நேரே வரும் ஒளியில் எல்லாக் குறுக்குத் திசைகளிலும் அதிர்வுகள் கலந்துள்ளன. ஒரு துகளில் பட்டுச் சிதறிய ஒளியிலோ ஒரு திசை அதிர்வு மேலோங்கி நிற்கிறது. இவ்வாறு அதிர்வு ஒரு தளத்தில் அமைவதையே பாடநூல்கள் தளவிளைவு என்கின்றன. மொழி அவையாதலின் ஒரு சொல் கூறிச் செல்கிறேன். 1808-இல் பிரெஞ்சு அறிஞர் மாலுஸ், இலக்சம்பர்க் அரண்மனையின் சன்னலில் பட்டு மின்னிய மாலை வெயிலைக் கால்சைட்டுப் படிகத்தின் வழியே பார்த்து இப்பண்பைக் கண்டறிந்தார். காந்தத்தின் முனைகளை நினைவில் வைத்து அவர் அதற்குப் பெயரிட்டார். அவர் கொண்ட ஒப்புமை பின்னர் பொருந்தாது போயிற்று; பெயர் மட்டும் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துவிட்டது. தமிழில் மின்துறைக்கு முனைவாக்கம் என்றும் ஒளிக்குத் தளவிளைவு என்றும் இரு சொற்கள் ஆளப்படுவதால் அக்குழப்பம் நமக்கு இல்லை. கலைச்சொல்லாக்கத்தில் பின்னர் வருபவர்க்குள்ள நன்மைகளுள் இதுவும் ஒன்று.

மாணவர்கள் இதை இன்றே செய்து பார்க்கலாம். தளவிளைவுக் கண்ணாடி எனக் கடைகளில் விற்கும் குளிர்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, கணிப்பானின் திரையைப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போகும். கண்ணாடி ஒரு திசை அதிர்வை மட்டுமே விடுகிறது. திரையின் ஒளி அதற்குச் செங்குத்தாய் அமையும்போது தடைப்படுகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் இத்தகைய கருவியொன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்த கதையை ஆசிரியர்கள் அறிவீர்கள். 1921-இல் நர்க்குண்டா என்னும் கப்பலில் நாடு திரும்புகையில் நடுநிலக் கடலின் நீலத்தைக் கண்டார். வானத்தின் நிறம் நீரில் எதிரொளிப்பதே கடலின் நீலம் என்பது அக்காலக் கருத்து. எதிரொளித்த ஒளி தளவிளைவுற்றது. ஆகவே நிக்கல் பட்டகத்தைத் தக்க கோணத்தில் திருப்பி அதை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று தெளிந்தார். கலந்து வரும் இருவகை ஒளியில் ஒன்றை நீக்கி மற்றொன்றைக் காண்பது அவர் செய்த வேலை. விண்மீனின் தூசியைக் காண்போர் செய்வதும் அதுவே.

ஆனால் விண்மீனிடம் ஓர் இடர் உள்ளது. தூசி வளையத்தின் ஒவ்வோர் இடத்திலும் சிதறிய ஒளி அவ்வளையத்தின் விளிம்போடு ஒட்டிய திசையில் அதிர்கிறது. வட்டக் கோலத்தின் கோடு செல்லும் திசையிலேயே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு குச்சியை வைத்ததாகக் கருதுங்கள். வலமும் இடமும் உள்ள குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். மேலும் கீழும் உள்ளவை படுத்திருக்கும். விண்மீன் ஒரு புள்ளியாக மட்டுமே தெரியும் சிறு தொலைநோக்கியில் இவையனைத்தும் ஒன்றாகிச் சேரும்போது ஒன்றையொன்று ஈடுசெய்து, தளவிளைவே இல்லாதது போலாகிவிடும். வட்டம் ஒழுங்காயிருக்குமளவிற்கு அது தன்னை மறைத்துக்கொள்கிறது.

இவ்வொழுங்கைக் குலைத்தால் மறைந்தது வெளிப்படும் என்று முதலில் காட்டியவர்களுள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், அமெரிக்காவின் யெர்க்கிஸ் ஆய்வகத்திலிருந்தபோது, வெப்பமிக்க விண்மீன்களின் விளிம்பில் எலக்ட்ரான்களால் சிதறும் ஒளி பதினொரு விழுக்காட்டிற்கு மேல் தளவிளைவுறும் என்று 1946-இல் கணக்கிட்டார். இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது வட்டத்தின் ஒரு பகுதியே எஞ்சும். அப்போது இதைக் காணலாம் என்றார். ஹில்ட்னரும் ஹாலும் தேடினர். தளவிளைவு கிடைத்தது, ஆனால் மறைப்பு நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் மாறாதிருந்தது. அது விண்மீனுடையதன்று; வழியிலுள்ள விண்வெளித் தூசியால் நேர்ந்தது என்று 1949-இல் அறிவித்தனர். விளிம்பைத் தேடிச் சென்றவர்க்குத் தூசி கிடைத்தது. சந்திரசேகர் சொன்ன விளைவு அல்கோல் என்னும் இரட்டை விண்மீனில் காணப்பட 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் தூசிக்கு வருவோம். ஞாயிற்றை ஒத்த விண்மீன்கள் தம் வாழ்வின் இறுதிக்கட்டத்தில் பன்னூறு மடங்கு பருத்து, மேற்பரப்பு குளிர்ந்து, செந்நிறமடைகின்றன. இவற்றைச் செம்பெருமீன்கள் என்கிறோம். குளிர்ந்தவை என்றாலும் 2,500 முதல் 3,000 கெல்வின் வரை வெப்பமுடையவை. ஞாயிற்றின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,800 கெல்வின். வெப்பம் குறையக் குறைய ஒளியின் உச்சம் நீண்ட அலைகளை நோக்கி நகர்கிறது. ஞாயிற்றின் உச்சம் அரை மைக்ரோமீட்டரில், அதாவது நம் கண்ணுக்குரிய ஒளியில், அமைய, செம்பெருமீன்களின் உச்சம் ஒரு மைக்ரோமீட்டருக்கு அருகே, அகச்சிவப்பில் அமைகிறது. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்கு. இவ்விண்மீன்களை அகச்சிவப்பில் நோக்குவதற்கு இது முதற்காரணம். மற்றொரு காரணம் துகளின் அளவை அறிவது.

அதை விளக்க நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு, மகிழ்ச்சி தருவதன்று. 2013 சூன் மாதம் சிங்கப்பூரில் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்ட புகைமூட்ட நாள்களை இங்குள்ளோர் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று வானம் நீலமாக இல்லை, வெளுத்துக் கிடந்தது. தெளிந்த நாளில் ஒளியைச் சிதறச் செய்பவை காற்றின் மூலக்கூறுகள். ஒளியலையைவிட மிகச் சிறியவையாதலின் அவை குறுகிய அலையை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. அலைநீளம் இருமடங்கானால் சிதறல் பதினாறில் ஒன்றாகிறது. ஆகவே நீலம். புகைத்துகள்களோ ஒளியலையின் அளவிற்கு வந்துவிட்டவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒப்பச் சிதறச் செய்வதால் வெண்மை. அத்தகைய நாளில் தளவிளைவுக் கண்ணாடியால் வானத்தைப் பார்த்தால், தெளிந்த நாளில் தெரியும் ஒளி வேறுபாடு பெரிதும் குன்றியிருக்கும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு சிதறுகிறது, எவ்வளவு தளவிளைவுறுகிறது என்று அளந்தால், துகளைக் கையில் எடுக்காமலே அதன் பருமனைச் சொல்லிவிடலாம் என்பது இதிலிருந்து புலப்படும்.

பருமனை ஏன் அறிய வேண்டும்? இங்கேதான் ஒரு பழைய சிக்கல் வருகிறது. செம்பெருமீன்கள் தம் பொருளைக் காற்றாக வெளியே வீசிக்கொண்டேயிருக்கின்றன. தென்வானில் 180 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர் டொராடஸ் என்னும் விண்மீன் பத்தாண்டுக்கு ஒருமுறை புவியின் மூன்றிலொரு பங்குப் பொருளை இழக்கிறது. ஞாயிறு வீசும் காற்றைப் போல் பல இலட்சம் மடங்கு இது. இக்காற்றை உந்துவது எது? ஒளிக்குத் தள்ளும் ஆற்றல் உண்டு; விண்மீனின் ஒளி தூசியைத் தள்ளுகிறது; தூசி தன்னோடு மோதும் வளிமத்தை இழுத்துச் செல்கிறது என்பது நெடுநாளைய விடை. கரிமம் மிகுந்த விண்மீன்களில் இது நன்கு பொருந்துகிறது. அங்குப் பிறப்பது புகைக்கரி போன்ற கரிய துகள். ஒளியை உறிஞ்சித் தள்ளப்படும்.

உயிர்வளி மிகுந்த விண்மீன்களில் பிறப்பதோ மணலின் உறவான சிலிகேட்டு. அதில் இரும்பு கலந்தால் துகள் ஒளியை உறிஞ்சும், உறிஞ்சினால் சூடேறும், விண்மீனுக்கு அருகே சூடேறினால் ஆவியாகிவிடும். இரும்பு கலவாதிருந்தால் ஆவியாகாது நிலைத்திருக்கும். ஆனால் கண்ணாடிபோல் தெளிவானதாதலின் ஒளி அதனூடே சென்றுவிடும், தள்ளாது. தள்ளப்படக்கூடியது பிழைக்காது, பிழைப்பது தள்ளப்படாது. வோய்ட்கே 2006-இல் கணக்கிட்டு, இவ்விண்மீன்களில் தூசியின்மீது ஒளியின் உந்துவிசை மிகக் குறைவு என்று காட்டியபோது, பாடநூல் விடை ஆட்டங்கண்டது.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் ஹோப்னர் 2008-இல் ஒரு வழி சொன்னார். கற்கண்டுக் கட்டியை நோக்குங்கள். அதனூடே ஒளி செல்கிறது. அதையே பொடியாக்கினால் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. பொடி ஒளியை உறிஞ்சவில்லை; சிதறச் செய்கிறது. பந்து சுவரில் பட்டுத் திரும்பினாலும் சுவரைத் தள்ளத்தானே செய்கிறது? தெளிந்த சிலிகேட்டுத் துகள் ஒளியலையின் அளவிற்கு, அதாவது ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும் அளவிற்கு, வளர்ந்துவிட்டால், உறிஞ்சாமலே சிதறலால் தள்ளப்படும் என்றார். அழகிய கருத்து. ஆனால் அத்துணைப் பெரிய துகள்கள் விண்மீனுக்கு அத்துணை அருகில் உள்ளனவா? கண்டவர் எவருமிலர்.

காண்பதற்குரிய கூர்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வானில் ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக மிகப் பெரிதாய்த் தெரியும் விண்மீன் வட்டு ஆர் டொராடசினுடையதே. அதன் தோற்ற அகலம் 25 மில்லிமீட்டர் நாணயமொன்றை 90 கிலோமீட்டர் தொலைவில் வைத்ததற்கு ஒப்பு. சிங்கப்பூரில் நின்று குளுவாங் நகரை நெருங்கும் ஏதோ ஓரிடத்தில் கிடக்கும் காசைப் பார்ப்பது போலாகும். அக்காசைச் சுற்றி அதன் அகலத்திற்குள்ளேயே அமைந்த மெல்லிய வளையத்தைக் காணவேண்டும். புவியின் காற்று அலைக்கழிக்கும் படத்தில் இது எளிதன்று.

தீர்வு பார்வைக்கு முரணானது. பரனாலின் 8.2 மீட்டர்த் தொலைநோக்கியின் ஒளிப்பாதையில் துளைகளிட்ட தகடொன்றைச் செருகி, ஒளியின் பெரும்பகுதியை வேண்டுமென்றே மறைத்துவிட்டனர். எஞ்சிய துளைகளின் வழியே வரும் ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வரிகளை உண்டாக்கும். அவ்வரிகளின் தெளிவிலிருந்து உருவத்தின் அளவைக் கணிக்கலாம். 1920 திசம்பரில் மைக்கல்சனும் பீசும் வில்சன் மலைத் தொலைநோக்கியில் நம் திருவாதிரையின் விட்டத்தை அளந்தது இதே அடிப்படையில்தான். ஆனால் இம்முறை அதனோடு தளவிளைவையும் சேர்த்தனர். ஒரு படிகம் ஒளியை நிமிர்ந்த அதிர்வு, படுத்த அதிர்வு என இரண்டாகப் பிரித்து ஒரே கணத்தில் இரு படங்களைத் தரும். விண்மீனின் நேரொளி இரண்டிலும் ஒத்திருக்கும். காற்றின் குழப்பமும் இரண்டிலும் ஒத்திருக்கும். வளையம் மட்டும் ஒத்திராது; நிமிர்ந்த அதிர்வில் வலமும் இடமும் ஒளிரும், படுத்த அதிர்வில் மேலும் கீழும் ஒளிரும். இரண்டையும் ஒப்பிட, பொதுவானவை நீங்கிப்போக, தூசி தனித்து நிற்கும். இராமன் கப்பலில் செய்ததன் நுண்ணிய வடிவம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

பார்னபி நாரிசும் பீட்டர் டட்ஹில் முதலிய அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட முடிவு இது: ஆர் டொராடஸ், டபிள்யூ ஹைட்ரே, ஆர் லியோனிஸ் ஆகிய மூன்றையும் சூழ்ந்து, விண்மீனின் இரண்டு ஆரங்களுக்குள்ளேயே தூசி வளையம் உள்ளது. ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில் வலுவாய்த் தெரிந்த சிதறல், இரண்டு மைக்ரோமீட்டரில் பெரிதும் குன்றிற்று. இவ்வேறுபாட்டிலிருந்து துகளின் ஆரம் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் என்று கணக்கிட்டனர். தலைமுடியின் குறுக்கே நூறு துகள்களை வரிசையாய் அடுக்கலாம். நமக்கு மிகச் சிறிது, ஆனால் ஒளிக்குத் தடையாக நிற்கப் போதுமான அளவு. அவ்வளவு அருகில் ஆவியாகாதிருப்பதால் தெளிந்த துகளாகவும் இருத்தல் வேண்டும். ஹோப்னர் சொன்னது கண்டறியப்பட்டது என்றே பலரும் கொண்டனர்.

நானும் கொண்டேன். என் பாடக்குறிப்பில், "ஒளி தூசியைத் தள்ளுகிறது; தூசி காற்றை இழுத்துச் செல்கிறது" என்று இரண்டே வாக்கியங்களில் எழுதி, கீழே கோடும் இட்டிருந்தேன். தேர்வில் எழுத வசதியான விடை. மாணவரும் விரும்பினர்.

2025-இல் சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிர்மரும் கூரியும் உள்ளிட்ட குழுவினர் அதே ஆர் டொராடசை மீண்டும் ஆராய்ந்து வெளியிட்டனர். ஸ்பியர் என்னும் புதிய கருவியால், கண்ணுக்குப் புலப்படும் ஒளியில், தளவிளைவை விண்மீனைச் சுற்றிலும் படமாகவே எடுத்து, பல்வகைத் துகள்களுக்குரிய கணினிக் கணக்குகளோடு ஒப்பிட்டனர். துகள்களின் அளவு ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டரே என்று வந்தது. மூன்றிலொரு பங்கு என்பது சிறு வேறுபாடு போல் தோன்றலாம். ஆனால் துகள் சிறுத்தால் சிதறும் ஆற்றல் மிக விரைந்து வீழ்கிறது என்பதை நீலவானத்தில் கண்டோம். அவ்வளவு சிறிய துகளை ஒளி தள்ளும். விண்மீனின் ஈர்ப்பை வென்று வெளியேறுமளவிற்குத் தள்ளாது.

முன்னையவர் பிழை செய்தனர் என்று இதைக் கொள்ளுதல் கூடாது. அலைநீளங்கள் வேறு; கருவிகள் வேறு; நோக்கிய காலமும் வேறு. இவ்விண்மீன்கள் மாதக்கணக்கில் சுருங்கி விரிபவை; அவற்றின் தூசியும் ஒரே நிலையில் இருப்பதன்று என்பதைத் திருவாதிரையே நமக்குக் காட்டிற்று. அன்றியும், அளவீடு நேரே துகளைத் தருவதில்லை. துகளின் வடிவம், உட்பொருள் இவற்றைப் பற்றிய சில கருதுகோள்களின் வழியே தருகிறது. என் மதிப்பீடு யாதெனில், இரண்டாவது அளவீட்டில் படம் நிறைவானது. ஆகவே அதன் சொல்லுக்கு இப்போது எடை கூடுதல்.

அவ்வாறாயின் காற்றை உந்துவது எது? அதே விண்மீனை அல்மா என்னும் வானொலித் தொலைநோக்கி வரிசையால் 2023-இல் நோக்கியவர்கள், அதன் மேற்பரப்பில் ஞாயிற்றைப்போல் 75 மடங்கு பெரிய வளிமக் குமிழிகள் எழுந்து அமிழ்வதைப் படம்பிடித்தனர். உலையில் கொதிக்கும் கஞ்சியை எண்ணிக்கொள்ளுங்கள். இக்குமிழிகளின் எழுச்சியும், விண்மீனின் சுருங்கி விரியும் துடிப்பும், இடையிடையே பெருமளவில் தூசி பிறக்கும் நிகழ்வுகளும் சேர்ந்து பொருளை வெளியே எறியக்கூடும் என்று இப்போது ஆராய்கின்றனர். ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகட்குப் பின் நம் ஞாயிறும் இந்நிலையை அடையும் என்பதால், இது தொலைதூர விண்மீனொன்றின் கதை மட்டுமன்று.

என் குறிப்பின் அவ்விரு வாக்கியங்களை அழிக்கவில்லை. முதல் வாக்கியத்தின் முன் "கரிமம் மிகுந்த விண்மீன்களில்" என்று சேர்த்தேன். அடியில் இட்ட கோட்டை நீக்கினேன். பக்கத்தின் ஓரத்தில் ஆர் டொராடசின் பெயரை எழுதி, அருகே ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன். நம் நாடுகளிலிருந்து ஆண்டின் இறுதி மாதங்களில், தெற்கு அடிவானத்திற்குச் சற்று மேலே, தெளிந்த இரவில் அவ்விண்மீனை இரட்டைக் கண் தொலைநோக்கியால் காணலாம். நகரின் வெளிச்சத்தை விட்டுச் சற்று விலகிச் செல்லவேண்டும்.

வினாக்கள் இருப்பின் கேளுங்கள். மேசைமீது இரண்டு தளவிளைவுக் கண்ணாடிகளும் ஒரு பழைய கணிப்பானும் வைத்திருக்கிறேன், மாணவர்கள் வந்து திருப்பிப் பார்க்கலாம்.